கெட்டுப்போச்சா? எவ்வளவு தேய்ஞ்சிருக்கு?

போன வாரம் எங்க வீட்டு பாத்ரூம் பல்பு போயிடுச்சு. ரெண்டு நாள் விட்டு விட்டு எரிஞ்சுது, மூணாவது நாள் ஒரேயடியா நின்னுடுச்சு. தெருமுனை எலெக்ட்ரிக் கடைக்குப் போய் அதே மாதிரி எல்இடி பல்பு ஒண்ணு வாங்கினேன். டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: ஆயுள் 25,000 மணி நேரம்.

வீட்டுக்கு வர்ற வழியில் கணக்கு போட்டுப் பார்த்தேன். 25,000 மணி நேரம் என்றால், ஒரு நிமிஷம்கூட அணைக்காமல் எரிய விட்டால் ரெண்டு வருஷம் பத்து மாசம். தினம் அஞ்சு மணி நேரம்தான் போடுறோம்னா 5,000 நாள், அதாவது 13 வருஷத்துக்கும் மேல. கடைக்காரர்கிட்ட கேட்டிருந்தேன், "அண்ணே, இந்த மாடல் எப்ப வந்தது?" அவர் சொன்னார், "போன தீபாவளிக்கு வந்த ஐட்டம் தம்பி, புதுசு."

அங்கதான் மாட்டிக்கிட்டேன். போன தீபாவளிக்குப் பிறந்த பல்பு 13 வருஷம் உழைக்கும்னு எப்படி எழுத முடியும்? அதைவிட, போன பல்பை வாங்கி ஒண்ணரை வருஷம்கூட ஆகலை. அதோட டப்பாவிலும் இதே 25,000தான் இருந்தது. அப்ப அந்த நம்பர் பொய்யா?

இந்த எபிசோட் அந்த நம்பரைப் பற்றித்தான். ஒரு பொருள் இன்னும் வாழாத வாழ்க்கையை இன்னைக்கே எப்படி அளக்கிறாங்க, அதை மனுஷங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க, அதில் ஒரு பெரிய கம்பெனி எப்படிச் சறுக்கி விழுந்தது, இதெல்லாம் பேசுவோம். பல்புக்குக் கடைசியில் திரும்பி வர்றேன்.

காத்திருக்க முடிஞ்ச காலம்

பழைய குண்டு பல்பு ஞாபகம் இருக்கா? உள்ளே டங்ஸ்டன் கம்பி சூடாகி எரியுமே, அதுதான். அதோட ஆயுள் பொதுவா 1,000 மணி நேரம். 1,000 மணி நேரம் என்பது 42 நாளைக்கும் கொஞ்சம் குறைவு. அதனால அதைச் சோதிக்கிறதில் பெரிய வித்தை எதுவும் தேவைப்படலை. நூறு பல்பைச் சட்டத்தில் வரிசையா மாட்டி, எரிய விட்டு, எது எப்ப போகுதுன்னு நோட்டில் குறிச்சு வச்சாலே போதும். ரெண்டு மாசத்தில் பதில் வந்துடும்.

இந்த முறையில் நாம அளக்கிறது சாவை. ஒரு பொருள் செத்தால்தான் நமக்கு ஒரு எண் கிடைக்கும். சீக்கிரம் சாகிற பொருளுக்கு இது சரி. இருபது வருஷம் உழைக்க வேண்டிய பொருளுக்கு? சோதனை முடியறதுக்குள்ள அதைச் செய்த இன்ஜினியர் ரிட்டயர் ஆயிடுவார்.

இந்தச் சிக்கல் முழு வீச்சில் வந்து நின்ற இடம் அட்லாண்டிக் கடலின் அடித்தளம்.

கடலுக்கு அடியில் 306 வால்வுகள்

1927-இல் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் நடுவில் முதல்முதலா வணிகத் தொலைபேசி சேவை வந்தது. ரேடியோ வழியாக. மூணு நிமிஷம் பேச 75 டாலர். அவ்வளவு கொடுத்துப் பேசினாலும் வானிலை சரியில்லைன்னா இரைச்சல்தான் கேட்கும். இதுக்கு ஒரே தீர்வு, கடலுக்கு அடியில் தொலைபேசிக் கேபிள். தந்திக் கேபிள் 19-ஆம் நூற்றாண்டிலேயே போட்டாச்சு. ஆனா குரல் வேற விஷயம். அத்தனை தூரம் கம்பியில் போகும்போது குரல் சமிக்ஞை தேய்ஞ்சு ஒண்ணுமில்லாமல் போயிடும். நடுநடுவே அதைப் பெரிதாக்கி அனுப்ப ஒரு கருவி வேணும். அதுக்குப் பேர் ரிப்பீட்டர். அதோட இதயம் அந்தக் காலத்து வால்வு, அதாவது வெற்றிடக் குழாய்.

பழைய வால்வு ரேடியோ வச்சிருந்த வீடுகளில் கேட்டுப் பாருங்க. வால்வு அடிக்கடி போகும், கடையில் கொடுத்து மாத்துவாங்க. அப்படிப்பட்ட சாமானை எடுத்துக் கடலுக்கு அடியில், சில இடங்களில் நாலு கிலோமீட்டர் ஆழத்தில், புதைக்கப் போறோம். மாத்தணும்னா கப்பலை அனுப்பிக் கேபிளைத் தேடிப் பிடிச்சு, தூக்கி, அறுத்து, ஒட்டணும்.

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி, பிரிட்டனின் தபால் துறை, கனடாவின் கடல்கடந்த தொலைத்தொடர்பு நிறுவனம் மூன்றும் சேர்ந்து போட்ட அந்தக் கேபிளுக்குப் பேர் டாட்-1. ஸ்காட்லாந்தின் ஓபன் ஊரிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் கிளாரன்வில் வரைக்கும். போக ஒரு கேபிள், வர ஒரு கேபிள். ஒவ்வொன்றிலும் 51 ரிப்பீட்டர், ஒவ்வொரு ரிப்பீட்டரிலும் 3 வால்வு. மொத்தம் 306. இலக்கு, 20 வருஷம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஒரு கேபிளில் 153 வால்வு. வரிசையில் ஒண்ணு போனாலும் அந்த லைன் போச்சுன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு வால்வும் 20 வருஷம் தாங்க 99 சதவீதம் வாய்ப்பு இருக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? ஆனா 153 வால்வும் சேர்ந்து தாங்கணும்னா, 0.99-ஐ 153 தடவை பெருக்கணும். விடை ஏறத்தாழ 21 சதவீதம். அஞ்சு கேபிள் போட்டால் ஒண்ணுதான் 20 வருஷம் முழுசா ஓடும். அதனால 99 சதவீதம் என்பது அங்கே பெயில் மார்க்.

வயசைப் பார்த்தாங்க

இங்கதான் பெல் ஆய்வகத்து ஆட்கள் கேள்வியையே மாத்தினாங்க. இந்த வால்வு எப்ப சாகும்னு கேட்கிறதை விட்டுட்டு, இதுக்கு எப்படி வயசாகுதுன்னு கேட்க ஆரம்பிச்சாங்க.

ஒரு வால்வுக்குள்ளே என்ன நடக்குது? நடுவில் ஒரு நிக்கல் குழல். அதுமேல பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூச்சு. அதைச் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் வெளியே வரும். அந்த ஓட்டம்தான் வால்வோட உயிர். வருஷம் ஆக ஆக ரெண்டு விஷயம் நடக்கும். பூச்சிலிருந்து எலெக்ட்ரான் வர்றது குறையும். நிக்கலில் இருக்கிற துளி சிலிக்கான், பேரியத்தோடு வினைபுரிஞ்சு நடுவில் ஒரு மெல்லிய தடுப்பை உண்டாக்கும். இது ரெண்டும் ஒரே நாளில் நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் நடக்கும். அதனால வால்வோட பெருக்கும் திறனை அவ்வப்போது அளந்தால், சறுக்குப் பாதை மாதிரி ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு எந்த வேகத்தில் இறங்குதுன்னு தெரிஞ்சால், எந்த வருஷம் ஆகாத எல்லையைத் தொடும்னு கணிக்கலாம். பிரிட்டிஷ் தபால் துறையின் டாலிஸ் ஹில் ஆய்வுக்கூடத்திலும் இதே தடுப்பைப் பற்றித் தனியா ஆராய்ச்சி நடந்தது.

இந்த வேலை 1930களிலேயே ஆரம்பிச்சுடுச்சு. 1950-இல் புளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து கியூபாவின் ஹவானா வரைக்கும் ஒரு சின்னக் கேபிள் போட்டு, அதே மாதிரி நீண்ட ஆயுள் வால்வுகளை நிஜக் கடலில் ஓட விட்டாங்க. அட்லாண்டிக் கேபிளுக்கான வால்வுகளைச் சுமார் 5,000 மணி நேரம், அதாவது ஏழு மாசம், தரையிலேயே எரிய விட்டு அளந்தாங்க. எரியுதா என்பது மட்டும் பார்த்தால் போதாது. அளவு நிலையா இருக்கா, கோடு எங்கேயாவது வளையுதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாங்க.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு. டிரான்சிஸ்டர் கண்டுபிடிச்சது 1947-இல், இதே பெல் ஆய்வகத்தில்தான். உலகமே அதைப் பேசிக்கிட்டிருந்தது. ஆனா 1956-இல் கடலுக்குள்ளே அவங்க இறக்கியது பழைய பாணி வால்வைத்தான். ஏன்னா, வால்வுக்கு எப்படி வயசாகும்னு இருபது வருஷக் கோடு அவங்க கையில் இருந்தது. டிரான்சிஸ்டருக்கு அப்படி ஒரு கோடு இல்லை. சொந்தக் குழந்தைதான், ஆனா ஜாதகம் இன்னும் எழுதலை.

டாட்-1 1956 செப்டம்பர் 25 அன்று திறந்தது. 1963-இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையிலான ஹாட்லைன் இந்தக் கேபிள் வழியாகவும் போனது. 1978-இல்தான் அதற்கு ஓய்வு கொடுத்தாங்க. 20 வருஷத்துக்குப் போட்ட கணக்கு, 22 வருஷம் ஓடியது.

மாவு புளிக்கிற கணக்கு

சரி, பெல் ஆய்வகத்துக்கு இருபது வருஷப் பொறுமை இருந்தது. இன்னைக்கு யாருக்கு இருக்கு? அதனால காலத்தை வேகப்படுத்தணும். அதுக்கு வழி 1889-லேயே கிடைச்சாச்சு.

சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ், அமிலத்தில் கரும்புச் சர்க்கரை எவ்வளவு வேகமா உடையுதுன்னு பார்த்தார். வெப்பம் ஏற ஏற வேகம் ஏறுது. அது எப்படி ஏறுதுங்கறதுக்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். எந்த வேதிவினைக்கும் தாண்ட வேண்டிய ஒரு தடுப்புச்சுவர் இருக்கு. வெப்பம் கூடினால் அதைத் தாண்டுகிற மூலக்கூறுகள் அதிகமாகும். சுவர் எவ்வளவு உயரம் என்பது வினைக்கு வினை மாறும்.

நம்ம வீட்டில் இதை எல்லாரும் பார்த்திருக்கோம். சென்னையில் மே மாசம் இட்லி மாவு ராத்திரி அரைச்சு வச்சால் காலையில் பொங்கி வழியும். ஊட்டியில் டிசம்பரில் அதே மாவு அசையாது. பிரிட்ஜில் வச்சால் நாலு நாள் தாங்கும். வெப்பத்தை மாத்தி நாம காலத்தைக் கூட்டுறோம், குறைக்கிறோம்.

அதே வித்தைதான் ஆய்வகத்திலும். 55 டிகிரியில் பல வருஷம் எடுக்கிற தேய்மானத்தை 85 டிகிரியில் வச்சுச் சீக்கிரமே வர வைக்கலாம். பத்து டிகிரிக்கு வேகம் ரெண்டு மடங்காகும்னு ஒரு வாய்ப்பாடு சொல்வாங்க. அப்படிப் பார்த்தால் 85-இல் ஒரு வருஷம், 55-இல் எட்டு வருஷத்துக்குச் சமம். ஆனா உங்க பொருளோட சுவர் குள்ளமா இருந்து, பத்து டிகிரிக்கு ஒண்ணரை மடங்குதான் வேகம் கூடுதுன்னா? அதே ஒரு வருஷம் மூணரை வருஷத்துக்குக்கூடச் சமமாகாது. வாய்ப்பாட்டை நம்பி டப்பாவில் எட்டுன்னு அச்சடிச்சால் கதை முடிஞ்சது. அதனால ஒரே வெப்பத்தில் சோதிக்கக் கூடாது. குறைஞ்சது மூணு வெப்பத்தில் சோதிச்சு, சுவரோட உயரத்தைப் பொருளே சொல்லட்டும்னு விடணும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு, இது இன்னும் பெரிசு. மாவு சீக்கிரம் புளிக்கணும்னு நூறு டிகிரியில் வச்சால் என்ன ஆகும்? புளிக்காது. இட்லி ஆயிடும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதே தேய்மானம் வேகமா நடக்கறதுக்குப் பதிலா வேற ஏதோ ஒண்ணு நடக்கும். பிளாஸ்டிக் உருகும், ஈயப்பற்று இளகும், கிரீஸ் கருகும். அதை அளந்துட்டு இதுதான் பத்து வருஷத்துக்கு அப்புறம் நடக்கும்னு சொன்னால், இட்லியைக் காட்டி மாவோட வயசைச் சொன்ன மாதிரி.

ஒரு சோதனையை எப்படி வடிவமைக்கிறது?

1981-இல் வெய்ன் நெல்சன் என்ற புள்ளியியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக், நாம ஜிஇ என்று சொல்கிற கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்தவர். நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊர். கட்டுரையின் விஷயம், மின்காப்புப் பொருளுக்கு எப்படி வயசாகுது என்பது.

கேள்வி இதுதான். இந்தக் காப்பு 150 டிகிரியில் உழைக்கணும். அது உடையாமல் தாங்குகிற மின்னழுத்தம் நாளாக ஆகக் குறையும். 2 கிலோவோல்ட்டுக்கு இறங்கினால் அதோட கதை முடிஞ்சதுன்னு வச்சுக்கிட்டால், எத்தனை நாள் உழைக்கும்?

150-இல் வச்சுக் காத்திருந்தால் யுகம் ஆகும். அதனால 180, 225, 250, 275 என்று நாலு வெப்பத்தில் துண்டுகளை வச்சாங்க. ஒரு வாரம், ரெண்டு, நாலு, எட்டு, 16, 32, 48, 64 வாரம் என்று எட்டுத் தடவை வெளியே எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வெப்பத்திலிருந்தும் நாலு துண்டு. மின்னழுத்தத்தைக் கூட்டிக்கிட்டே போய், எதில் உடையுதுன்னு பார்த்தாங்க. உடைச்சால்தான் அளவு தெரியும். உடைஞ்ச துண்டைத் திரும்ப அடுப்பில் வைக்க முடியாது. அதனாலதான் 4-ஐ 8-ஆல், அதை 4-ஆல் பெருக்கி மொத்தம் 128 துண்டு.

எல்இடி மாதிரிப் பொருளில் உடைக்க வேண்டியதில்லை. வெளிச்சத்தை அளந்துட்டுத் திரும்ப வச்சுடலாம். ஒரே துண்டு வாழ்க்கை முழுக்கக் கதை சொல்லும். எந்த வகைன்னு முதலிலேயே தெரிஞ்சால்தான் எத்தனை துண்டு வேணும்னு சொல்ல முடியும்.

இதிலிருந்து ஒரு பட்டியல் போடலாம். எதை அளக்கப் போறோம்? அது எந்த எல்லையைத் தொட்டால் ஆயுள் முடிஞ்சதுன்னு சொல்வோம்? எந்தெந்த வெப்பம்? எத்தனை துண்டு? எப்போ எப்போ அளப்போம்? எவ்வளவு நாள்?

"எத்தனை துண்டு" என்ற கேள்விக்கு வில்லியம் மீக்கரும் ஜெரால்டு ஹானும் 1985-இல் எழுதிய கையேட்டில் ஒரு நல்ல வழி இருக்கு. அது ஆயுள் சோதனைக்குச் சொன்னது, ஆனா யோசனை இங்கேயும் பொருந்தும். மூணு வெப்பம் இருந்தால் துண்டுகளைச் சமமாப் பிரிக்காதீங்க. குறைஞ்ச வெப்பத்தில் நாலு பங்கு, நடுவில் ரெண்டு, அதிக வெப்பத்தில் ஒரு பங்கு. 35 துண்டு இருந்தால் 20, 10, 5. ஏன்னா குறைஞ்ச வெப்பம்தான் நிஜ வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கு. நம்ம கணிப்பு அந்தப் பக்கமாத்தான் நீளப்போகுது. ஆனா அங்கே தேய்மானம் மெதுவா நடக்கும், சின்னச் சின்ன மாற்றம்தான் தெரியும். அதனால அங்கேதான் நிறைய சாட்சி வேணும்.

ஹானும் ஸ்கெனெக்டடியில் ஜிஇ ஆள்தான். அதாவது 80களின் முதல் பாதியில், பொருளுக்கு வயசாகறதை அளக்கிற கலையில் உலகத்திலேயே முன்னால் நின்ன ஆட்களில் ரெண்டு பேர் அந்தக் கம்பெனியில் இருந்தாங்க. இதை மனசில் வச்சுக்கோங்க.

திறந்து பார்த்தவர் சொன்னது

அதே கம்பெனி, அதே காலம், வேற ஊர். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் ஜிஇ-யின் வீட்டுச் சாமான் பிரிவு. அவங்க பிரிட்ஜுக்குப் புதுசா ஒரு கம்ப்ரஸர் வடிவமைச்சிருந்தாங்க. சுழலும் வகை. பாகங்கள் குறைவு, செய்யச் செலவு குறைவு. உள்ளே ரெண்டு சின்னப் பாகங்களை உலோகத்தூளை அழுத்திச் செய்திருந்தாங்க. ஏசியில் இந்த வகை ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்தது. ஆனா பிரிட்ஜ் ஏசி மாதிரி இல்லை. வருஷம் பூரா, ராத்திரி பகல் ஓடணும்.

சோதனை நடந்தது. நூற்றுக்கணக்கான கம்ப்ரஸர்களைக் கூடுதல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் விடாமல் ஓட்டினாங்க. பல வருஷ உழைப்புக்கு இது சமம்னு கணக்கு. ஓட்டி முடிச்சு மேலே போன செய்தி: ஒண்ணுகூட பெயில் ஆகலை.

ஆனா அந்தச் சோதனை முடிஞ்ச கம்ப்ரஸர்களைத் திறந்து பார்த்த ஒரு டெக்னீஷியன் இருந்தார். வருஷக்கணக்கா அந்த வேலையே பார்த்தவர். உள்ளே செப்புச் சுருள் சூட்டில் நிறம் மாறியிருந்தது. பேரிங் தேய்ஞ்சிருந்தது. எண்ணெய் கருகிப் படிஞ்சிருந்தது. ஓடிக்கிட்டுத்தான் இருந்தது, ஆனா வயசாயிடுச்சு. அவர் சொன்னார். மேலே இருந்தவங்க அதைப் பெரிசா எடுத்துக்கலை. கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாச்சு: பெயில் ஆச்சா? ஆகலை.

நல்லா யோசிச்சுப் பாருங்க. வடிவமைச்ச சோதனையே அவருக்கு எதிரா இருந்தது. படிவத்தில் ரெண்டே கட்டம்: ஓடுது, ஓடலை. "ஓடுது, ஆனா எண்ணெய் கருகியிருக்கு" என்று எழுத இடமே இல்லை. அவர் கண்ணால் பார்த்ததுதான் அந்தச் சோதனையின் உண்மையான முடிவு. அதை அளந்து ஒரு எண்ணா மாத்தி, கோடு போட்டிருந்தால், அது மேலே போயிருக்கும்.

1986-இல் அந்த பிரிட்ஜ் சந்தைக்கு வந்தது. 1987-இல் கம்ப்ரஸர்கள் நிற்க ஆரம்பிச்சது. உலோகத்தூள் பாகங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாத் தேய்ஞ்சு போயிருந்தது. கடைசியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்ரஸர்களை வீடு வீடாப் போய் மாத்தினாங்க. அதில் இன்னும் நிற்காததும் அடக்கம். 1988 கணக்கில் ஜிஇ இதற்காக எழுதிக்கொண்ட தொகை 45 கோடி டாலர்.

ஸ்கெனெக்டடியில் 128 துண்டை வச்சு வயசை அளந்த அதே கம்பெனிதான் இது. அறிவு இல்லாமல் இல்லை. ஒரு ஊரில் இருந்த அறிவு இன்னொரு ஊரின் படிவத்தில் ஒரு கட்டமா ஆகலை, அவ்வளவுதான்.

என் பல்பு

இப்ப டப்பாவுக்கு வருவோம்.

எல்இடி பொதுவா பட்டுன்னு போகாது. மங்கிக்கிட்டே போகும். அதனால அதோட ஆயுளுக்கு ஒரு எல்லை வேணும். வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் ஆயுள் முடிஞ்சது என்பது பரவலா ஏத்துக்கிட்ட எல்லை. அதை எல்70 என்பாங்க. எப்படி அளக்கணும்னு 2008-இல் வட அமெரிக்க ஒளியியல் பொறியாளர் சங்கம் எல்எம்-80 என்ற முறையைக் கொண்டு வந்தது. வெவ்வேறு வெப்பத்தில் குறைஞ்சது 6,000 மணி நேரம், எட்டு மாசத்துக்குக் கொஞ்சம் அதிகம், எரிய விட்டு வெளிச்சத்தை அளக்கணும். 2011-இல் டிஎம்-21 வந்தது. கிடைச்ச கோட்டை எதிர்காலத்துக்கு எப்படி நீட்டுவது என்பதற்கான விதி. அதில் ஒரு கடிவாளமும் இருக்கு. போதுமான மாதிரிகளை வச்சுச் சோதிச்சிருந்தாலும், சோதிச்ச நேரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் ஆயுள் சொல்லக் கூடாது. 6,000 மணி நேரம் சோதிச்சால் 36,000 வரைதான் வாயைத் திறக்கலாம். கோடு எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

அப்ப 25,000 என்பது ஜோசியம் இல்லை. எட்டு மாசக் கோட்டை நீட்டினாலே எட்டுகிற தூரம்தான். அதனாலதான் போன தீபாவளிக்கு வந்த பல்பு மேல அந்த எண்ணை அச்சடிக்க முடியுது.

அப்புறம் என் பல்பு ஏன் ஒண்ணரை வருஷத்தில் போச்சு? எல்எம்-80 சோதிப்பது உள்ளே இருக்கிற எல்இடி சில்லை. முழு பல்பை இல்லை. பல்புக்குள்ளே இன்னொரு சின்ன சர்க்யூட் இருக்கு, டிரைவர்னு பேர். வீட்டுக் கரண்ட்டை எல்இடிக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்றது அதுதான். பல பல்புகளில் அதில் ஒரு மின்தேக்கி இருக்கும், உள்ளே திரவத்தோட. காற்றோட்டம் இல்லாத மூடிய கூண்டு மாதிரி விளக்கில் மாட்டினால் சூட்டில் அந்தத் திரவம் சீக்கிரம் வத்தும். வத்தினால் பல்பு விட்டு விட்டு எரியும், அப்புறம் நின்னுடும். எங்க பாத்ரூமில் இருந்தது அதே மாதிரி மூடின கூண்டுதான். பழைய பல்பை உடைச்சுப் பார்த்தேன். ஒன்பது எல்இடி புள்ளியும் பார்க்க நல்லாவே இருந்தது. மின்தேக்கியோட மண்டை உப்பியிருந்தது.

அந்த எண் பொய் இல்லை. ஆனா அது எதைப் பற்றின எண்ணுன்னு டப்பா சொல்லலை. எதை அளந்தாங்க, எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் அளந்து எவ்வளவு தூரம் நீட்டினாங்க என்று சேர்த்துச் சொன்னால்தான் 25,000-க்கு அர்த்தம். லூயிவில்லில் எண்ணெய் கருகினதுக்குக் கட்டம் இல்லை. என் டப்பாவில் மின்தேக்கிக்குக் கட்டம் இல்லை.

உங்க போனில் பேட்டரி ஹெல்த் 84 சதவீதம்னு காட்டுது இல்லையா? அது நல்ல பழக்கம். செத்த அப்புறம் சொல்லாமல், வயசாகும்போதே சொல்லுது. ஆபீஸில் ஒரு சோதனை, ஒரு ஆடிட், ஒரு ரிப்போர்ட் கையில் வந்து எல்லாம் "பாஸ்"னு இருந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எவ்வளவு தேய்ஞ்சிருக்கு? அப்படியே அதைத் திறந்து பார்த்தவர் யாருன்னு கேட்டு, அவர்கிட்ட ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

புது பல்பைக் கூண்டு இல்லாமல் மாட்டியிருக்கேன். டப்பா மேல பேனாவால் தேதி எழுதி வச்சிருக்கேன்.